லாரித் தண்ணீரும் கணினித் தண்ணீரும்

தொண்ணூறுகளின் கடைசியில் பூந்தமல்லிப் பக்கம் ஒரு படத்துக்கு மழை வேண்டுமென்றால், முதல் போன் தண்ணீர் லாரிக்காரருக்குத்தான் போகும். மாங்காடு, திருமழிசை பக்கத்து வயல் கிணறுகளிலிருந்து லாரி நிரம்பி வரும். பம்பு போட்டு, உயரத்தில் குழாய் கட்டி, தண்ணீரைச் சிதறவிட்டால் மழை. நான் அப்போது உதவி இயக்குநர்களில் கடைசி ஆள். மழை யூனிட்டில் வயதான ஒருவர், விளக்கு எங்கே வைக்கிறார்கள் என்பதையே பார்த்துக்கொண்டிருப்பார். "தம்பி, மழைக்குப் பின்னாடி லைட்டு வெச்சாத்தான் மழை தெரியும். முன்னாடி வெச்சா தண்ணி மொத்தமும் வீண்" என்பார். தண்ணீரைப் படம் பிடிப்பதில் நான் கற்ற முதல் பாடம் அதுதான். இன்றும் அது மாறவில்லை.

அந்த மழைக்கு எல்லை உண்டு. குழாய் எட்டும் வரைதான் பெய்யும். கேமராவைக் கொஞ்சம் அகலமாக வைத்தால் தெருமுனை காய்ந்து கிடப்பது தெரிந்துவிடும். ஆனால் பெய்த இடத்தில் எல்லாமே உண்மை. நடிகையின் முடி கன்னத்தில் ஒட்டும், மண் குழையும், வண்டி விளக்கு ஈரத் தார்ச்சாலையில் நீளமாக விழும். இவை எதையும் யாரும் தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. தண்ணீர் தானே செய்து கொடுத்துவிடும்.

வெள்ளமும் கடலும்தான் சிக்கல். சிறிய மாதிரி கட்டித் தொட்டியில் எடுப்பார்கள். பதினாறில் ஒரு பங்கு அளவில் கப்பல் செய்தால், கேமராவை நான்கு மடங்கு வேகத்தில், நொடிக்கு 96 ஃப்ரேம் ஓட்ட வேண்டும். அப்போதுதான் அலை பெரிய அலைபோல மெதுவாக எழும். கப்பலைச் சுருக்கலாம், துளியைச் சுருக்க முடியாது. கப்பலின் பக்கவாட்டில் தெறிக்கும் ஒரு சொட்டு ஜன்னல் அளவுக்கு இருக்கும். பழைய படங்களில் புயல் காட்சி வந்ததும் குழந்தைகூட 'பொம்மைக் கப்பல்' என்று சொல்லிவிடுவது இதனால்தான்.

பிறகு கணினி வந்தது. திரவத்தின் ஓட்டத்தைச் சொல்லும் நேவியர்–ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டவை. அவற்றைக் கணினியில் கணக்கு சிதறாமல் வேகமாகப் போட்டு முடிக்கும் வழியை 1999-இல் யோஸ் ஸ்டாம் வெளியிட்டார். மறு வருடம் 'தி பர்ஃபெக்ட் ஸ்டார்ம்' வந்தபோது கடல் கொந்தளிப்பைப் பார்த்து நாங்கள் வாயடைத்துப் போனோம். மாட்ரிட்டில் உருவான ரியல்ஃப்ளோ மென்பொருள் சில ஆண்டுகளில் வடபழனி ஸ்டூடியோக்களின் சாதாரணக் கணினிகளுக்கும் வந்து சேர்ந்தது. நான் படப்பிடிப்பை விட்டு அந்த அறைகளுக்குப் போனது அப்போதுதான். ஒரு குளிர்பான விளம்பரத்தில் கோப்பைக்குள் விழும் திரவத்துக்கு இரவு முழுக்க சிமுலேஷன் ஓடும். நீரைக் கணக்கிடும் கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்காகும். நேரமும் இடமும் அதற்கேற்பப் பெருகும். கோப்பைக்கே இப்படி என்றால் கடலுக்கு?

2008 ஜூனில் வெளியான 'தசாவதாரம்' அந்தக் கடலைத் தமிழ்த் திரைக்குக் கொண்டுவரத் துணிந்தது. 2004 டிசம்பர் சுனாமியைக் கண்ணால் பார்த்த ஜனங்களுக்கே அந்தச் சுனாமியைத் திரையில் காட்டுவது சாதாரணத் துணிச்சல் அல்ல. அகலமான சில காட்சிகளில் அலை தனியாகவும் ஊர் தனியாகவும் நின்றதாக எனக்குப் பட்டது. ஆனாலும் அந்த முயற்சிதான் எங்கள் தலைமுறைக்குக் கதவைத் திறந்தது. நீரை உண்டாக்குவது பாதி வேலைதான், அதை மனிதரோடு சேர்ப்பது மறுபாதி என்று அதற்குப் பிறகுதான் எங்கள் அறைகளில் பேச ஆரம்பித்தார்கள்.

சேர்ப்பது என்றால் என்ன? முழங்கால் வெள்ளத்தில் ஒருவர் நடக்கும் ஷாட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் மேட்ச்மூவ். கேமரா அசைந்ததைப் போலவே கணினிக்குள் இருக்கும் கேமராவும் அசைய வேண்டும். அடுத்து, அவருடைய கால்களின் அளவிலேயே ஒரு உருவம் செய்து ஃப்ரேம் ஃப்ரேமாக அதே நடையில் நடக்கவிட வேண்டும். கணினித் தண்ணீர் மோதிப் பிரிவது அந்த உருவத்தின் மேல்தான். அது ஒரு விரற்கடை விலகினாலும் தண்ணீர் காலைத் தொடாமல் போகும். பிறகு நுரை, தெறிப்பு, தெருவிளக்கின் பிரதிபலிப்பு, படத்திலுள்ள அதே மங்கல். கடைசியாக வருவதுதான் கடினம்: ஈரம். தண்ணீர் முழங்கால் வரை நின்றால் வேட்டியில் ஈரம் அதற்கும் மேலே ஒரு சாண் ஏறியிருக்கும். துணி உறிஞ்சிக்கொள்ளும் இல்லையா? படப்பிடிப்பில் காய்ந்த வேட்டியோடு நடந்தவருக்கு அந்த ஈரத்தைப் பின்னால் வரைவது பெரும்பாடு. பார்ப்பவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் பொய் என்று தெரிந்துவிடும்.

வேட்டியில் ஏறும் இந்த ஈரத்தையும் வெள்ளத்தின் நடையையும் நான் எந்த மென்பொருளிலும் கற்கவில்லை. 2015 டிசம்பரில் அம்பத்தூரில் கற்றேன். அந்த மாதம் முதல் தேதி செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி திறந்துவிடப்பட்டு அடையாற்றங்கரை மூழ்கியது ஊரறிந்த கதை. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வேறு விதமாக வந்தது. அலையாக ஓடி வரவில்லை. சாக்கடை வாயிலிருந்து சத்தமில்லாமல் ஏறியது. நிறம் ஆறிய டீ. மேலே பட்டறை எண்ணெய் ஏடாகப் படர்ந்திருந்தது. தெர்மோகோல், செருப்பு, காலி கேன் எல்லாம் ஒரே பக்கமாக நகர்ந்தன. நடப்பவர் முழங்காலுக்கு முன்னால் ஒரு சின்ன அலை பிரிந்து இரு பக்கச் சுவரையும் போய்த் தொட்டுவிட்டுத் திரும்பியது. அதுவரை நாங்கள் செய்த வெள்ளங்கள் நீலமாக, நுரை பொங்க, கடலைத் தெருவில் ஊற்றியதுபோல இருந்தன. நம் ஊர் வெள்ளம் அப்படி வருவதே இல்லை.

2019 ஜூனில் நிலைமை தலைகீழ். சென்னைக்குக் குடிநீர் தரும் நான்கு ஏரிகளும் வறண்டன. 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் வெடித்த மண்ணாகக் கிடந்தது. அதே ஏரிப் பக்கத்தில், ஒருகாலத்தில் பொழுதுபோக்குப் பூங்காவாக இருந்த ஈ.வி.பி. வளாகம் ஃபிலிம் சிட்டியாக நடந்துகொண்டிருந்தது. ஜனங்கள் குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற அந்த மாதத்தில், நாங்கள் திரையில் வெள்ளம் செய்துகொண்டிருந்தோம். ஊர் தவிக்கும்போது லாரி லாரியாக மழைக்கு ஊற்றாமல் இருக்க வைத்தது கணினி. அதற்காகவே அதன்மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஆனால் அதே வசதி ஒரு கெட்ட பழக்கத்தையும் கொடுத்துவிட்டது. "போஸ்ட்ல பாத்துக்கலாம்", அதாவது படப்பிடிப்புக்குப் பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று சொல்லித் துளி ஈரமில்லாமல் எடுத்து அனுப்புகிறார்கள். அதன் பாரம் இரவு ஷிஃப்டில் ரோட்டோ செய்யும் ஆவடி, அம்பத்தூர்ப் பிள்ளைகளின் கண்மேல் விழுகிறது. நடிகரின் உருவத்தைப் பின்னணியிலிருந்து ஒவ்வொரு முடியாக வெட்டி எடுப்பவர்கள் அவர்கள். படம் முடிந்து ஓடும் பெயர்களில் பலருடைய பெயர் வருவதுமில்லை. மாறாக, 2023-இல் வந்த மலையாள வெள்ளப் படம் '2018'-ஐப் பாருங்கள். வைக்கத்தில் தொட்டி கட்டி, வீடுகளை எழுப்பி, நிஜத் தண்ணீரை நிரப்பி எடுத்தார்கள். கணினி அந்தத் தண்ணீரை நீட்டியது, பெருக்கியது. நடிகர் உடல் நனைந்திருந்ததால் மிச்சத்தையும் நம் கண் நம்பியது.

பூந்தமல்லி அருகே சுமார் 140 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீனத் திரைப்பட நகரம் வரும் என்று 2024 ஜனவரியில் முதலமைச்சர் அறிவித்தார். எல்.இ.டி. திரை, விஎஃப்எக்ஸ் அரங்கு எல்லாம் வரட்டும். கூடவே ஆழமான ஒரு படப்பிடிப்புத் தொட்டியும், அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடும் அங்கே கட்டாயம் வேண்டும். இயக்குநர்களிடமும் ஒரு வேண்டுகோள்: நடிகரின் கால் படும் இடத்திலாவது நிஜத் தண்ணீர் விடுங்கள். அதைத் தாண்டியுள்ள கடலை எங்கள் பிள்ளைகள் செய்து தருவார்கள்.