பாலக்கரைத் தேர்வுக்குழு

இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் தேர்வுக்குழுவில் ஐந்து பேர்தான். பெரம்பலூர் பாலக்கரைப் பக்கம் நான் டீ குடிக்கிற கடையில் பதினோரு பேர். மழை பிடித்துக்கொண்டால் பதினைந்து. வாரியத்துக் குழுவில் உட்கார வேண்டுமானால் இத்தனை ஆட்டம் ஆடியிருக்க வேண்டும் என்று தகுதி உண்டு. இங்கே கடன் நோட்டில் பெயர் இருந்தால் போதும்.

பல வருடமாக இந்தக் குழுவுக்கு ஒரே அஜெண்டா. தோனி எப்போது ரிடையர் ஆக வேண்டும்?

2019 ஜூலையில், மான்செஸ்டரில், நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து தோனியின் ஸ்டம்பைச் சாய்த்தது. கூடவே உலகக் கோப்பை அரையிறுதியும் சாய்ந்தது. "அண்ணே, கதை முடிஞ்சுது, கௌரவமா கெளம்பச் சொல்லுங்க" என்றார் குழுவில் இருக்கும் மெக்கானிக். யாரைச் சொல்லச் சொன்னார் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்று போன் போட்டாலே எனக்கு யாரும் எடுப்பதில்லை, ராஞ்சியில் யார் எடுக்கப் போகிறார்கள்? 2020 ஆகஸ்ட் 15 மாலை தோனி இந்திய அணியிலிருந்து கிளம்பியே விட்டார். இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவு, அவ்வளவுதான். அதே மெக்கானிக் கொதித்துப் போனார். "இப்படியா போறது? சொல்லாம கொள்ளாம?"

2023-இல் வலிக்கிற முட்டியோடு சென்னைக்கு ஐந்தாவது ஐ.பி.எல். கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, இரண்டு நாளில் மும்பை ஆஸ்பத்திரியில் அந்த முட்டியை அறுவை சிகிச்சைக்குக் கொடுத்தார். "இதான் போறதுக்கு நேரம்" என்றது குழு, ஏகமனதாக. 2024-இல் கேப்டன் பதவியை ருதுராஜிடம் கொடுத்தார். "யாரக் கேட்டுக் குடுத்தாரு?" என்றது குழு, அதே ஏகமனதாக.

உயிரோடு இருக்கும்போதே இளையவனைப் பக்கத்தில் உட்கார வைப்பது இந்த மண்ணுக்குப் புதிதா என்ன? பக்கத்து அரியலூர் மாவட்டத்துக் கங்கைகொண்ட சோழபுரத்தைக் கட்டிய இராசேந்திரன் 1014-இல் பட்டத்துக்கு வந்தான். 1018-லேயே மகன் இராசாதிராசனுக்கு இளவரசுப் பட்டம் கட்டிவிட்டான். அதன்பிறகும் கால் நூற்றாண்டு இருந்து ஆண்டான். 'மகன் வந்தாச்சே, பெரியவர் இன்னும் எதுக்கு?' என்று எந்தக் கல்வெட்டிலும் இல்லை. அப்படிச் செதுக்க நினைத்தவனுக்கு மறுநாள் உளி பிடிக்கக் கை இருந்திருக்காது. அந்தப் பயம் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் நம் ஆள் வாயைத் திறப்பான். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2025 மார்ச் 28 இரவு. சேப்பாக்கத்தில் பெங்களூருவோடு ஆட்டம். சென்னைக்கு 197 வேண்டும். 99 ரன்னில் ஏழாவது விக்கெட்டாக விழுந்தவர் அஸ்வின். மேற்கு மாம்பலத்துப் பையன், இந்தியாவுக்காக 537 டெஸ்ட் விக்கெட் எடுத்தவன், சொந்த ஊர் மைதானத்தில் அவுட் ஆகித் தலை குனிந்து நடக்கிறான். எங்கள் கடையில் விசில் பறக்கிறது. பெஞ்சைத் தட்டுகிறார்கள். ஒருவர் டீயைக் கீழே ஊற்றிக்கொண்டு குதிக்கிறார். காரணம், அடுத்து வருவது தோனி. ஒன்பதாவது ஆளாக. 28 பந்தில் 98 வேண்டும் என்கிற நேரத்தில்.

தன் அணியின் விக்கெட் விழுந்ததற்குக் கை தட்டுகிற கூட்டத்தை உலகத்தில் வேறெங்காவது பார்த்திருக்கிறீர்களா? வீட்டுக்குத் தீயணைப்பு வண்டி வருவதைப் பார்க்கிற ஆசையில் கூரைக்குத் தீ வைக்கிற புத்தி இது. ஜடேஜா இதைத் தாங்க முடியாமல் வெளியிலேயே சொன்னார், தான் முன்னால் இறங்கினால் தான் அவுட் ஆவதற்காகவே ஜனங்கள் காத்திருப்பார்கள் என்று. சிரித்துக்கொண்டே சொன்னார். கேட்டவர்களும் சிரித்தார்கள். வெட்கப்பட்டவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை.

தோனி அன்று 16 பந்தில் 30 அடித்தார். சென்னை 50 ரன்னில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூருவிடம் தோற்றது அன்றைக்குத்தான். கடையில் பாதிப் பேர் "தலைவன் வேற ரகம்" என்று வீட்டுக்குப் போனார்கள். மீதிப் பாதி "வயசாயிருச்சு, ரிடையர் ஆவட்டும்" என்று போனார்கள். தோற்றது யார் என்கிற கவலை யாருக்கும் இல்லை.

அடுத்த ஆட்டமும் தோற்றபின் கோச் பிளெமிங் செய்தியாளர்களிடம் ஒரு மனிதனின் முட்டியைப் பற்றி விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் உடம்பு பழைய உடம்பு இல்லை, பத்து ஓவர் நின்று ஓடி ஆட முடியாது என்று. மாட்டுச் சந்தையில் தரகர் பல்லைப் பிடித்துக் காட்டுவதுபோல. ஏப்ரல் 5-ஆம் தேதி தோனியின் அப்பாவும் அம்மாவும் ஆட்டம் பார்க்க வந்தார்கள். அவ்வளவுதான், இன்றோடு முடிந்தது என்று ஊரெல்லாம் பேச்சு. பெற்றவர்கள் பிள்ளை வேலை செய்கிற இடத்துக்கு வந்தால் பிள்ளைக்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தமாம். குழுவில் இருக்கும் பூச்சிமருந்துக் கடைக்காரர் அன்றிரவே கண்கலங்கினார். இரண்டு நாள் கழித்து, "இன்னும் போகலியா இந்தாளு?" என்றவரும் அவர்தான்.

இதையெல்லாம் அமெரிக்காவிலும் செய்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அங்கே கல்லூரி ஃபுட்பால் கோச் என்றால் நம்மூர்ச் சூப்பர் ஸ்டார் மாதிரி. புளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பாபி பௌடன் 34 சீசன் கோச்சாக இருந்தார். 80 வயதில், 2009 சீசனோடு அனுப்பினார்கள். ஆனால் 'போதும்' என்று சொன்ன அறங்காவலர் குழுத் தலைவர் தன் பெயர் போட்டுப் பத்திரிகையில் சொன்னார். அந்தக் கெட்ட பெயரும் அவர் கணக்கில்தான் ஏறியது. எங்கள் குழுவில் தீர்ப்புச் சொல்கிற எவனுக்கும் கணக்கு என்று ஒன்று கிடையாது, டீக்கடை நோட்டில் இருப்பதைத் தவிர.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

குழுவில் மூன்று தம்பிகள் இருக்கிறார்கள். பகலெல்லாம் நூலகத்தில் குரூப் 4-க்குப் படிப்பார்கள். சாயங்காலம் கடைக்கு வந்து, "பெருசுங்க எடத்த விட்டாத்தானே இளசுங்க வர முடியும்?" என்று தோனியைக் காய்ச்சுவார்கள். நியாயமான கேள்வி. கேட்ட இடம்தான் தப்பு. தமிழக அரசு ஊழியரின் ஓய்வு வயது 58-ஆக இருந்தது. 2020 மே மாதம் அதை 59 ஆக்கினார்கள். 2021 பிப்ரவரியில் 60 ஆக்கினார்கள். அதாவது 2020 மே கடைசியில் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்கள் 2022 மே கடைசியில் போனார்கள். அடிப்படைப் பணியாளர்களை விட்டுவிட்டால், இரண்டு வருடம் வயது காரணமாக ஓர் அரசு நாற்காலிகூடக் காலியாகவில்லை. இந்தத் தம்பிகளின் வயதில் அந்த இரண்டு வருடம் கழிந்தது. அப்போது இவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அமீரகத்தில் நடந்த ஐ.பி.எல்.லில் தோனி ஏன் ஏழாவதாக இறங்கினார் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கண் முன்னால் இரண்டு வருடத்தைச் சுருட்டிக்கொண்டு போனவர்களைப் பார்த்து ஒரு சொல் வரவில்லை. ஒரு அணியில் ஒரே ஒரு இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஆளைப் பார்த்துப் பொங்குகிறது ரத்தம். தம்பிகளா, அவர் போனால் அந்த இடம் உங்களுக்கா வரப் போகிறது?

ரிடையர் ஆன வாத்தியார் ஒருவரும் குழுவில் இருக்கிறார். அந்த நீட்டிப்பில் இரண்டு வருடம் சேர்த்து வேலை பார்த்தவர். "அனுபவம்னு ஒண்ணு இருக்கில்ல, தம்பி?" என்பார், தன்னைப் பற்றிப் பேசும்போது. தோனியைப் பற்றிப் பேசும்போது, "காலம் அறிஞ்சு ஒதுங்கணும்" என்பார். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே.

சட்டமன்றத்துக்கு நிற்கக் குறைந்தபட்சம் 25 வயது ஆகியிருக்க வேண்டும். அதிகபட்சம் என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் இல்லை. பிடித்துக்கொண்டு நடக்க ஆள் வேண்டும், படித்துக் காட்ட ஆள் வேண்டும், பக்கத்தில் இருப்பது யார் என்று காதில் சொல்ல ஆள் வேண்டும் என்றாலும் நிற்கலாம், வெல்லலாம். தோனியாவது பத்தொன்பதாவது ஓவரில் தானே ஓடினார்.

இத்தனைக்கும் 'நீ போ' என்று கேட்பதில் இந்தியாவுக்கே வழி காட்டிய ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. 1956 நவம்பர் 23 அதிகாலை. மருதையாற்று வெள்ளத்தில் பாலம் போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூர் அருகே ஆற்றில் விழுந்தது. 140-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதற்குச் சில மாதம் முன்பு மகபூப்நகர் விபத்தின்போதே ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்திருந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். ஏற்கப்பட்டது. பாலத்தை அவர் அரிக்கவில்லை, வண்டியை அவர் ஓட்டவில்லை. போனார். துணை அமைச்சர் அழகேசனையோ, அரியலூரைப் பெயருக்கு முன்னால் ஒட்டி, ஆண்டதையும் மாண்டதையும் எதுகையாக்கி, இன்னும் போதாதா என்று தமிழ்நாட்டு மேடையெல்லாம் கேட்டார்கள். கேட்கத் தெரிந்த ஜனமாகத்தான் இருந்திருக்கிறோம். எதுகை இன்றைக்கும் குறையவில்லை. மைதானத்துக்கு வெளியே இருப்பவரைக் கேட்கிற தொண்டைதான் போய்விட்டது.

(அரியலூருக்கே ஒரு ரிட்டயர்மெண்ட் கதை உண்டு. 2001 தொடக்கத்தில் பெரம்பலூரிலிருந்து பிரிந்து தனி மாவட்டம் ஆனது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்த்தார்கள். 2007 நவம்பர் 23-இல் திரும்பவும் தனி மாவட்டம். ரயில் விழுந்த அதே தேதி. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.)

தோனி மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. ஐந்து வருடம் இந்தியாவுக்கு ஆடாதவர் 'அன்கேப்டு' என்று பழைய விதியைத் தூசி தட்டி எடுத்து, இரண்டு உலகக் கோப்பை வாங்கிய கேப்டனைப் புதுமுகப் பட்டியலில் சேர்த்து, 4 கோடிக்குத் தக்கவைத்தது வியாபாரிகளின் சாமர்த்தியம். கொடுக்கிறவன் கொடுக்கிறான், ஆடுகிறவர் ஆடுகிறார். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாய் ஆயிற்று. 4 கோடியை 1,200 ஆல் வகுத்துப் பார்த்தேன், 33,333 மாதம். எங்கள் தெருக்கோடிப் பாட்டி 2,778 வருடம் இருந்தால் வாங்கிவிடுவார். அதுவரை நூறு நாள் வேலைக்கு மண்வெட்டி தூக்கவும், வேலை இல்லாத நாளில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் அறுக்கவும் போகிறார். எழுபது தாண்டியவர். அவர் முட்டியைப் பற்றி விளக்கம் சொல்ல எந்தக் கோச்சும் செய்தியாளரைக் கூட்டியதில்லை. "ஆத்தா, எப்ப ரிடையர் ஆவப் போற?" என்று கேட்டேன். காது சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது, "ரேசனா? நாளைக்குப் போடுவாங்க" என்றார்.

ஒருநாள் குழுவிடம் வேறு ஆட்டத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"அரியலூர் கார்த்தியத் தெரியுமா?"

"எந்தக் கார்த்தி? சூர்யா தம்பியா?"

கார்த்தி செல்வம். ஹாக்கி. 2022 மே மாதம் ஜகார்த்தாவில் ஆசியக் கோப்பை. இந்தியாவுக்கு முதல் ஆட்டம், எதிரே பாகிஸ்தான், முதல் கோல் அவனுடையது. 2023-இல் சென்னையில் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பை வென்ற அணியிலும் இருந்தான். "ஓ" என்றார்கள். ராஞ்சிக்காரரின் முட்டியில் எந்தக் குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது என்று சொல்லத் தெரிந்த பதினோரு பேரில் ஒருவருக்கும் பக்கத்து ஊர்ப் பையன் எந்தப் பக்கம் ஆடுகிறான் என்று தெரியவில்லை. அவனுக்கு இன்னும் வயதாகவில்லை, அதனால் இருக்கலாம். ஓய்வு பெறுகிற வயது வந்தால் குழு அவனையும் பரிசீலிக்கும்.

2025 ஏப்ரல் 11 இரவுதான் இந்தக் குழுவை முழு பலத்தோடு கடைசியாகப் பார்த்தேன். ருதுராஜுக்கு முழங்கையில் அடி. தோனி மறுபடி கேப்டன். சேப்பாக்கத்தில் கொல்கத்தா. கடை வாசலில் ஒரு பெரிய பிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். ஒரு கட்சியின் உள்ளூர்ப் பெரியவருக்குப் பிறந்தநாள். வயது போடவில்லை, போட்டோ முப்பது வருடத்துக்கு முந்தியது. இன்னும் நூறாண்டு எங்களை வழிநடத்த வேண்டும் என்று எழுதி, கீழே வரிசையாகச் சின்னச் சின்ன முகங்கள். மெக்கானிக்கின் முகம் மூன்றாவது. பூச்சிமருந்துக் கடைக்காரர் ஏழாவது. குரூப் 4 தம்பிகள் மூவரும் ஓரத்தில், ஸ்டாம்பு அளவில்.

கோடை மழைக்கு முன்னால் வருகிற காற்று அடித்தது. பிளெக்ஸின் ஒரு பக்கக் கயிறு அறுந்தது. பெரியவர் முகம் சாலைப் பக்கமாகச் சாய்ந்தது. "ஏய், புடிங்கடா, அண்ணன் விழப் போறாரு!" என்று மெக்கானிக் கத்த, குழு மொத்தமும் எழுந்து ஓடியது. சட்டத்தை நாலு பேர், கயிற்றை நாலு பேர், முட்டுக் கொடுத்து மீதிப் பேர். வாத்தியார் அடியில் தோளைக் கொடுத்திருந்தார்.

உள்ளே டி.வி.யில் சென்னையின் இன்னொரு விக்கெட் விழுந்தது. அடுத்து தோனி வருகிறார். ஒருவருக்கும் தட்டுவதற்குக் கை காலியாக இல்லை. விசிலடித்தார்கள்.