நூறும் நாற்பதும்

கணிதத்தில் நூற்றுக்கு நூறு வாங்கியும், மணியோசை கேட்டால் காதைப் பொத்தி மேஜைக்கடியில் ஒடுங்கும் சிறுவனுக்கு ஆட்டிசம் இருக்கலாமென்று பெற்றோர் உதவி கோரி வந்தபோது, “இத்தனை மார்க் வாங்குகிறவனுக்கு என்ன குறை?” என்று வினவிய தலைமையாசிரியரின் தர்க்க ஞானத்தை என்னென்று புகழ்வது! மார்க் குறைந்தால் சோம்பேறி, குறையாவிட்டால் சௌக்கியம். உபகாரம் என்னும் வீண் பிரயாசை எவ்வழியிலும் நேராது. மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றிருப்பது உண்மையே. ஆயினும் பிரதான சலுகைகளுக்கு 40 சதவீதக் குறைபாட்டுச் சான்றிதழ் வேண்டுமே! எதிலும் நூறே வாங்கிப் பழகிய பையனுக்கு அந்த நாற்பது மட்டும் எட்டவில்லை. ஆனால், பள்ளி அவனைக் கைவிட்டதாக எவரும் அபவாதம் சொல்லலாகாது: வாசலில் ஃபிளெக்ஸ் பலகையில் ஆளுயரத்துக்கு நிற்பவன் அவன்தான். அட்மிஷன் விண்ணப்பம் ஆபீசில் கிடைக்கிறது, முந்திக்கொள்ளுங்கள்.