நாயோடு மலையேறுவோர் கவனத்துக்கு

நாயை மலைக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு நாலு யோசனை சொல்லலாமென்று உட்கார்ந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் ஜவ்வாது மலையிலிருந்து இறங்கினேன். வேட்டியில் ஒட்டிய நாய் முடி இன்னும் போகவில்லை. சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

முதல் யோசனை: காரில் முன்சீட்டை நாய்க்குக் கொடுக்காதீர்கள். காஞ்சிபுரத்தில் ஏறி, செய்யாறு, ஆரணி, போளூர் தாண்டி ஜமுனாமரத்தூர் போய்ச் சேரும்வரை ப்ரூனோதான் முன்னால். "பின்னாடி உக்காந்தா அவனுக்கு வாந்தி வரும் மாமா" என்றான் தங்கை மகன். எனக்கும்தான் வரும். கேட்பாரில்லை. என் மடியில் ப்ரூனோவின் மழைக்கோட்டு, மடக்குக் கிண்ணம், நாலு காலுக்கும் நாலு ஷூ. ஆரணி தாண்டியதும் தங்கை மருமகள், "ப்ரூனோ, தாத்தாவுக்கு ஷேக்ஹேண்ட் குடு" என்றாள். அவன் லாப்ரடார், எடை முப்பது கிலோ. நான் எந்த வழியில் தாத்தா ஆனேன் என்று விசாரிக்க அங்கே இடமில்லை, கை நீட்டினேன். வரதராஜர் கோயில் குடலை இட்லி வாங்கி வைத்திருந்தேன். மிளகும் சுக்குமாக, மந்தாரை இலை வாசனையோடு. "அவன் எதிர்ல சாப்பிடாதீங்க மாமா, அவனுக்கு மிளகு ஆகாது" என்றார்கள். போளூரில் காருக்குப் பின்னால் நின்று திருட்டுத்தனமாகத் தின்றேன்.

இரண்டாவது யோசனைக்குப் போகுமுன் தருமரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நாயோடு மலையேறியவர்களில் மூத்தவர் அவர்தான். எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கம், ராத்திரி கூத்து. படுகளம், தீமிதி, தருமர் பட்டாபிஷேகம் என்று முடித்து மூட்டை கட்டிவிடுவார்கள். வில்லிபுத்தூராரும் பத்துப் பருவத்தோடு நிறுத்திக்கொண்டார். நாய் வருவதோ பதினேழாவது பருவத்தில். அதனால் பாரதம் கேட்டே வளர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு நாய்க் கதை தெரியாது.

பாண்டவர் ஐவரும் திரௌபதியும் மரவுரி கட்டிக்கொண்டு இமயமலைப் பக்கம் நடக்கிறார்கள். கூடவே ஒரு நாய். யாரும் கூப்பிடவில்லை, தானாக வந்தது. இதைக் கவனியுங்கள். பெல்ட் இல்லை, கயிறு இல்லை, ஷூ இல்லை. வழியில் முதலில் திரௌபதி விழுகிறாள். அப்புறம் சகாதேவன், நகுலன், அர்ச்சுனன். ஒவ்வொருவர் விழும்போதும் பீமன் 'ஏன்?' என்று கேட்க, தருமர் திரும்பிப் பார்க்காமலே அவரவர் குறையை எடுத்துச் சொல்லிக்கொண்டு நடக்கிறார். கடைசியில் பீமனும் விழுகிறான். அவன் சாப்பாட்டு ராமன் என்று அதற்கும் ஒரு காரணம் தயாராக இருக்கிறது. நாய் மட்டும் விழவில்லை.

மேலே இந்திரன் ரதத்தோடு காத்திருக்கிறான். ஏறச் சொல்கிறான். நாயும் வரும் என்கிறார் தருமர். நாய் வைத்திருப்பவர்களுக்கெல்லாம் சொர்க்கத்தில் இடமில்லை என்கிறான் இந்திரன். நம் ரயில்வே பரவாயில்லை. ஏசி முதல் வகுப்பில் இரண்டு படுக்கைக் கூபேயையோ நாலு படுக்கை கேபினையோ முழுசாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு உண்டு. இந்திரனிடம் கூண்டும் கிடையாது. தருமர் அசையவில்லை. நம்பி வந்த ஜீவனை விட்டுவிட்டு வருகிற சொர்க்கம் எனக்கு வேண்டாம் என்கிறார். பெண்டாட்டி விழுந்தபோதும் தம்பிகள் விழுந்தபோதும் திரும்பிப் பார்க்காத மனுஷர்!

தங்கை மகனும் அந்த வம்சம்தான். பீமன் அருவிக்கு இறங்கும்போது பாசியில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். "பாத்து மாமா, ப்ரூனோ பயந்துடப் போறான்!" என்றான். பீமன் பேர் வைத்த இடத்தில் விழுந்ததற்காக வருத்தப்படவில்லை. திரும்பிப் பார்க்காததற்குத்தான்.

பாரதத்து நாய் கடைசியில் தருமதேவதையாக மாறி நின்றது. ப்ரூனோ எதுவாகவும் மாறவில்லை. திரும்பி ஏறும்போது பாதி மேட்டில் ஒரு பாறைமேல் நாலு காலையும் பரப்பிப் படுத்துவிட்டான். நாக்கு பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தது. விலா ஏறி இறங்கியது. ஒரு காலில் ஷூவைக் காணோம். குற்றம் அவன்மேல் இல்லை. லாப்ரடாரின் பூர்வீகம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. குளிர்ந்த கடலில் மீனவர்களுக்கு உழைத்த நாய். ரோமம் இரண்டு அடுக்கு. நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்த்துச் சூட்டைக் கழிக்க நாய்க்கு வழியில்லை, மூச்சிரைத்துத்தான் கழிக்க வேண்டும். அதை நம் வெயிலில், கழுத்தில் பழைய ஜரிகை அங்கவஸ்திரத்தையும் கட்டி மேட்டில் ஏற்றினால் படுக்காமல் என்ன செய்யும்? அங்கவஸ்திரம் போட்டோவுக்காக. மடக்குக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார்கள். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஆடு ஓட்டி வந்தவரோடு வந்த செவலை நாய் ஒன்று கிண்ணத்தை நக்கிக் காலி செய்துவிட்டு, ஆடுகளுக்கு முன்னால் மேட்டில் ஏறிப் போயே போய்விட்டது. முப்பது கிலோவையும் தங்கை மகன் தோளில் தூக்கிக்கொண்டான். மூட்டைகள் தாத்தா தோளில்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி என்று நம் வெயிலுக்கென்றே பிறந்த நாய்கள் இருக்கின்றன. 2005-ல் தபால் துறை ராஜபாளையத்துக்குத் தபால்தலையே வெளியிட்டது. அதில் ஒன்றை வாங்கக் கூடாதா என்றேன். "அதெல்லாம் கொஞ்சவிடாது மாமா" என்றான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். காட்டோரம் வந்ததும், "பாவம், ஃப்ரீயா ஓடட்டும்" என்று கயிற்றைக் கழற்றினார்கள் பாருங்கள், அதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாய் கொண்டுபோவது குரைப்பை மட்டுமல்ல. 2018-ல் குஜராத்தின் கிர் காட்டில் சிங்கங்கள் அடுத்தடுத்துச் செத்தபோது, சோதனையில் தெரிந்தது கேனைன் டிஸ்டம்பர் வைரஸ். நாய்களிடம் சர்வசாதாரணமாக இருக்கிற நோய் அது. திரும்பி வருகிற நாய் உண்ணியைக் கொண்டுவருகிறது. காது மடலுக்குள்ளும் விரலிடுக்கிலும் பார்த்துப் பிடுங்காமல் வீட்டுக்குள் விட்டால் உங்களுக்கும் விருந்தாளி உண்டு.

அடுத்த மாதம் வேடந்தாங்கலாம். பறவைகள் மிரளுமென்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் அது. அங்கே இவனைக் கூட்டிப்போய் ஏரிக்கரையில் குரைக்கவிட்டுப் படம் எடுக்க வேண்டுமாம். சரணாலயத்துக்குள் நாயை விடமாட்டார்கள் என்றேன். "கேட்டுப் பாப்போம் மாமா" என்கிறான். இந்திரனிடமே கேட்டுப் பார்த்த பரம்பரை.

மிச்ச யோசனைகளுக்கு இடம் போதவில்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். மலைக்குப் போகிற ஆசை உங்களுக்குத்தான், நாய்க்கு இல்லை. அதற்கு வேண்டியது வேளைக்குச் சோறு, படுக்க நிழல், தவறாமல் ரேபிஸ் ஊசி. ஊருக்குப் போகும்போது பழகியவர் யார் வீட்டிலாவது விட்டுவிட்டுப் போங்கள். என் வீட்டில் மட்டும் விடாதீர்கள். பிள்ளையார்பாளையத்தில் காலை நேரத்தில் தெருவில் பாவு நீட்டியிருப்பார்கள். ப்ரூனோ ஒரு ஓட்டம் ஓடினால், அறுந்த பட்டிழையை ஒவ்வொன்றாக எடுத்து முடிச்சுப் போட வேண்டும்.