லீவ் லெட்டர்: மூலமும் உரையும்

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் வழங்கும் ஆங்கில இலக்கியங்களுள் அளவால் சிறியதும், ஆசிரியர் பெயர் தெரியாததும், ஆண்டுதோறும் புதுப் பிரதி காண்பதும் லீவ் லெட்டர் ஒன்றே. 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று தொடங்கும் இந்நூலை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரியாதவர், ஒருநாளும் மட்டம் போடாதவராகத்தான் இருக்க வேண்டும். இத்தனை புகழ் இருந்தும் இதற்கு முறையான உரை இல்லை. ஆங்கில ஆசிரியர்கள் சிவப்பு மையால் ஓரத்தில் எழுதிவைத்த குறிப்புகள் உண்டு. அவை உரையல்ல, வசை.

அவர்கள் வழு என்று சுழித்தவற்றுள் பெரும்பாலானவை வழுவமைதி என்பதே நம் துணிபு. பிழைதான், ஆனால் தக்க காரணம் இருப்பதால் போகட்டும் என்று இலக்கணமே விட்டுக்கொடுப்பது வழுவமைதி. நன்னூல் வழுவை ஏழாக வகுக்கிறது. லீவ் லெட்டரில் தலையாயது கால வழு.

'ஐ ஆம் சஃபரிங்' என்பது இந்தக் கணத்தில் நடந்துகொண்டிருக்கும் துன்பத்தைச் சொல்லும் வினை. நடைமுறையில் இக்கடிதம் இரண்டே வேளைகளில் எழுதப்படுகிறது. ஒன்று, முந்தின நாள் மாலை. காய்ச்சல் இன்னும் வரவில்லை. மற்றது, திரும்பி வந்த அன்று காலை, பிரேயர் மணி அடிப்பதற்குள், நண்பன் முதுகையே மேசையாக்கி எழுதுவது, காய்ச்சல் போய்விட்டது. காய்ச்சல் அடிக்கும்போதே எழுதிய பிரதி எதுவும் நம் பார்வைக்கு வரவில்லை. விரைவு, மிகுதி, தெளிவு முதலியவற்றால் காலம் மயங்கலாம் என்பது நன்னூலார் கொள்கை. இலைமுன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவன், வாசலில் கூப்பிடும் தோழனுக்கு 'சாப்பிட்டாச்சு, இதோ வந்துட்டேன்' என்று குரல் கொடுப்பது விரைவு. நண்பன் முதுகில் எழுதியதும் அதுவே. முந்தின மாலை எழுதியதோ தெளிவு பற்றி வந்தது: நாளைக்குக் காய்ச்சல் வரும் என்பதில் எழுதியவனுக்கு ஐயமே இல்லை.

இனி, 'ஃபீவர்' என்பது வெறும் காய்ச்சலைக் குறிக்கும் என்பாரும் உளர். அது பொருந்தாது. இச்சொல் ஆகுபெயராய் நின்று சித்தப்பா மகள் சடங்கு, உலகக் கோப்பை அரையிறுதி, முதல்நாள் முதல் காட்சி, முடிக்காத ரெக்கார்டு நோட்டு ஆகிய அனைத்தையும் தழுவும். வயிற்றுப்போக்கையும் தழுவும் என்பது கவனிக்கத்தக்கது. உண்மையிலேயே வயிறு கெட்டுக் கிடந்த மாணவனும் 'ஃபீவர்' என்றே எழுதுகிறான். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தோடு முடிகிற நோய் இருக்க, ஒன்பது எழுத்துள்ள 'டயரியா'வை எவன் தேடிப் போவான்? அதில் இரண்டு 'ஆர்' வருமா ஒன்றா என்று யோசித்தாலே மெய்யான காய்ச்சல் வந்துவிடும்.

வேற்றுமைப் பகுதியை நீட்ட வேண்டியதில்லை. 'டிஸ்கஸ் அபவுட்' தவறாம். தமிழன் எதையும் 'பற்றி'த்தான் விவாதிப்பான். பற்றாமல் விவாதிப்பது அவனுக்குப் பழக்கமில்லை. 'ஐ வாஸ் இன் ஹவுஸ் ஒன்லி' என்பதிலுள்ள 'ஒன்லி', வீட்டில்'தான்' இருந்தேன் என்ற தேற்றம். சந்தேகப்படுகிற வாத்தியாரிடம் தேற்றம் இல்லாமல் பேசினால் எடுபடுமா? 'தி' என்ற உருபு மட்டும் நம் பக்கம் இல்லாத சரக்கு. அதனால் சிலர் அதை அறவே விட்டுவிடுவர்; சிலர் கோயில் சுண்டல்போல எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் ஒரு பிடி கொடுத்துவிடுவர். 'கிராண்ட்மதர் எக்ஸ்பயர்டு' என்பது மங்கல வழக்கு. 'செத்தார்' என்பதைத் 'துஞ்சினார்' என்று சொல்லிப் பழகிய மரபு, பாட்டியை நேராகச் சாகவிடாது. ஒரே பாட்டி ஒரே கல்வியாண்டில் இருமுறை துஞ்சுவது வேறு சிக்கல்.

நடைக்கு வருவோம். அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் ஸ்ட்ரங்க் என்ற பேராசிரியர், 1918இல் மாணவர்களுக்கென ஒரு சிறு நூல் அச்சிட்டார். வேண்டாத சொல்லை நீக்கு என்பது அதிலுள்ள புகழ்பெற்ற விதி. அதை நம் நூலின்மேல் ஏவிப் பார்த்தோம். 'ரெஸ்பெக்டட் சார்' போயிற்று, 'ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ' போயிற்று, 'கைண்ட்லி' போயிற்று, 'யுவர்ஸ் ஒபீடியன்ட்லி'யும் போயிற்று. 'காய்ச்சல், வரமாட்டேன்' என்பது மட்டும் மிஞ்சியது. இதைக் கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்துப் பார்க்கட்டும் ஸ்ட்ரங்க். கம்பரே அவையடக்கம் பாடிவிட்டுத்தான் கதைக்குள் போனார். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவனுக்கு மட்டும் அது வேண்டாத சொல்லா? தவிர, இந்தப் பணிவெல்லாம் நாம் கண்டுபிடித்ததல்ல. 'டூ தி நீட்ஃபுல்' முதலிய தொடர்கள் வெள்ளைக்காரர் அலுவலகங்களில் புழங்கியவை. அவர்கள் ஊரில் அவை வழக்கொழிந்தன. நம் தாலுகா ஆபீசுகளில் இன்னும் உயிரோடிருக்கின்றன. மூலப் பிரதியைக் காப்பாற்றி வைத்திருப்பவன்மேலா பிழை சொல்வது?

வழுவே இல்லாத லீவ் லெட்டரும் எங்கேனும் ஒன்று தோன்றுவதுண்டு. அதற்குக் கிடைக்கும் வரவேற்பு எங்கும் ஒன்றே: 'யாருடா எழுதிக் கொடுத்தது?' விடுப்பு கிடைக்காது, விசாரணை தொடங்கும். ஆகவே மாணவனே எழுதியது என்பதற்கு வழுதான் முத்திரை.

கடிதத்தின் அடியில் வரும் பெற்றோர் கையொப்பத்தை இங்கே தொடவில்லை. தந்தையின் கையெழுத்தும் மகனின் கையெழுத்தும் சுழி முதல் புள்ளி வரை ஒத்திருப்பது மொழியியலில் அடங்காது, மரபணுவியலார் பார்த்துக்கொள்ளட்டும்.