ஒட்டுக்கன்னுக்கு ஏதுடா சம்பந்தி?

வாடா பேராண்டி, இப்படி உட்காரு. கூலிம்ல நல்ல கம்பெனி வேலை, காரும் வாங்கியாச்சு, இனி ஒரு பொண்ணுதான் பாக்கின்னு உங்க அம்மா சொன்னா. சொன்னதோட விடாம ஒரு பட்டியலையும் காட்டினா. பொண்ணு நம்ம ஆளா இருக்கணும், செவப்பா இருக்கணும், உயரமா இருக்கணும், பத்துக்குப் பத்துப் பொருத்தம் இருக்கணும், வம்சத்துல ஒரு கலப்பும் இருக்கக்கூடாது. நல்ல பட்டியல்தான். தோட்டத்துல தண்டலா இருந்த காலத்துல ஆராய்ச்சி நிலையத்து ஆளுங்க கன்னு பொறுக்க வரும்போது இப்படி ஒண்ணு கையில வச்சிருப்பாங்க. மனுசன் கையில இப்பதான் பார்க்குறேன்.

சுத்தமான வம்சம் வேணும்னா கித்தாக்காட்டுக்குப் போ. 1876ல விக்காம்னு ஒரு வெள்ளைக்காரன் பிரேசில் காட்டுல ஒரே வட்டாரத்துல பொறுக்கின எழுபதாயிரம் ரப்பர் விதையை லண்டனுக்குக் கப்பலேத்தினான். அங்க கியூ தோட்டத்துல முளைச்சது நூத்துக்கு நாலு. அதுல பெரும்பங்கு சிலோனுக்குப் போச்சு. மறு வருஷம் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தது இருபத்திரண்டே கன்னு. அதுல ஒன்பது கோல கங்சாருக்குப் போச்சு. இந்த வட்டாரத்துல நீ பார்க்குற ரப்பர் மரமெல்லாம் அந்தக் கைப்பிடி வம்சந்தான். அத்தனையும் பங்காளி. உங்க அம்மாவுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதுவும் பத்தாதுன்னு ஒட்டுக்கட்ட ஆரம்பிச்சாங்க. நீ பார்த்திருக்க மாட்டே, சொல்றேன் கேளு. விதையில முளைச்ச கன்னோட அடித்தண்டுல கட்டைவிரல் அகலத்துக்குப் பட்டையைக் கீறி, ஜன்னல் கதவு மாதிரி திறப்பாங்க. பால் வழியும், துடைச்சுட்டு, நல்ல மரத்துல இருந்து கண்ணோட உரிச்ச பட்டைத் துண்டை உள்ளே வச்சு, பிளாஸ்டிக் நாடாவால இறுக்கிச் சுத்துவாங்க. மூணு வாரம் கழிச்சு அவிழ்த்து நகத்தால லேசா சுரண்டுவாங்க. பச்சையா இருந்தா பிடிச்சிருச்சு. அப்புறம் மேல இருக்கிற சொந்தத் தண்டை வெட்டி எறிஞ்சுட வேண்டியதுதான். வேர் ஒருத்தனோடது, உடம்பு இன்னொருத்தனோடது. பாடுபடுறது கீழே இருக்கிறவன், பேரு மேலே இருக்கிறவனுக்கு. தோட்டத்துல இது ஒண்ணும் புதுசில்லை.

எங்க காலத்துல எங்கே பார்த்தாலும் அறுநூறுதான், ஆர்.ஆர்.ஐ.எம். 600. தாய் ஜாவாக்காரி, ஜீர் 1. தகப்பன் பி.பி. 86. அந்தப் ‘பி.பி.’ பிராங் பெசார் தோட்டம், இன்னிக்கு அது புத்ராஜெயா. மாப்பிள்ளை வீடு எப்படி? பிரதமர் ஆபீசே அங்கதான் இருக்கு. ஆனா கல்யாணம் அந்த ஒரு தடவைதான் நடந்துச்சு. அதுல பொறந்த ஒரு பிள்ளையையே வெட்டி வெட்டி நாடு பூரா ஒட்டினாங்க. ஆயிரக்கணக்கான ஏக்கர், அத்தனையும் ஒரே ஆளு. பால் கொட்டுச்சு, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனா ஒருத்தனுக்கு ஆகாதது அத்தனை பேருக்கும் ஆகாது, அதுதான் சங்கடம்.

கார் கம்பெனி ஃபோர்டு இருக்கானே, அவன் 1928ல பிரேசில்லயே, மரத்தோட சொந்த ஊர்லயே, தோட்டம் போட்டான். காட்டுல அந்த மரம் ஒண்ணு இங்க, ஒண்ணு அங்கேன்னு சிதறி நிக்கும். இலையைக் கருக்குற பூஞ்சைக்கு ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்குத் தாவ வழியில்லை. ஃபோர்டு வரிசையா நெருக்கி நட்டுப் பந்தி விரிச்சுட்டான். பூஞ்சை உட்கார்ந்து சாப்பிட்டுட்டுப் போச்சு. 1945ல நிலத்தைத் திருப்பிக் கொடுத்துட்டு மூட்டை கட்டினான். இங்கே வந்தது கன்னு மட்டுந்தான், நோய் கூட வரலை. இன்னிக்கும் நம்ம மரத்தைக் காப்பாத்துறது அதோட சுத்த வம்சம் இல்லைடா, நடுவுல கிடக்கிற கடலும், விமான நிலையத்துல செடி கொடியைப் பிடுங்கி வைக்கிற அதிகாரியும்தான். கடைசியில 1981ல பல ரப்பர் நாடு சேர்ந்து மறுபடி அமேசானுக்கு ஆள் அனுப்பி, அறுபதாயிரத்துக்கு மேல விதை பொறுக்கிட்டு வந்துச்சு. எதுக்கு? வெளி ரத்தம் வேணுமாம். இதை நான் சொன்னா கிழவன் உளர்றான்னு சொல்லுவீங்க.

அதே 1981ல செம்பனைக்கும் ஒரு கூத்து. அதுக்கு முன்னாடி ஆண் பூவுல இருந்து தூளை உதிர்த்து, பவுடர் மாவுல கலந்து, பெண் பூவுல ஊதிவிட ஆளு போட்டிருந்தாங்க. மரம் மரமா ஏறி இறங்கிக் கல்யாணம் பண்ணி வச்சாங்க, கூலி கொடுத்து! ரஹ்மான் சையதுன்னு ஒரு பூச்சி ஆராய்ச்சியாளர் கேமரூன்ல போய்ப் பார்த்துட்டு, காத்தும் இல்லை ஆளும் இல்லை, ஒரு வண்டுதான் அந்த வேலையைச் செய்யுதுன்னு கண்டுபிடிச்சாரு. அரை அரிசி நீளந்தான் இருக்கும். அதைக் கொண்டுவந்து ஜொகூர்ல விட்டாங்க. கொஞ்ச நாள்ல ஊதுற வேலையே போச்சு.

அந்தத் தரகரைப் பார்க்கணும்னா ஆண் பூ விரிஞ்ச மரத்தடியில போய் நில்லு. சோம்பு வாசம் மூக்கைத் துளைக்கும். விரல் விரலா நீட்டிக்கிட்டிருக்கிற பூவுல வண்டு மொய்க்கும். பூவைத் தின்னுது, அங்கேயே சோடி சேருது, வாடின பூவுல முட்டை போடுது. சாப்பாடு, சத்திரம், பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம் ஆண் பூதான். பெண் பூ என்ன பண்ணுது? அதே சோம்பு வாசத்தைக் கொஞ்சமா விடுது. வண்டு ஏமாந்து போய் இறங்குது. தின்ன ஒண்ணுமில்லை, முட்டை போட இடமும் இல்லை. முதுகுல ஒட்டியிருந்த தூளை உதிர்த்துட்டு வெறுங்கையோட திரும்புது. கமிஷன் கொடுக்காம காரியத்தை முடிச்சவ உலகத்துல அவ ஒருத்திதான். நீ அந்தக் கல்யாண ஆப்புக்கு மாசாமாசம் எத்தனை வெள்ளி கட்டுறே?

இன்னொண்ணு. ஒரே மரந்தான் ஆண் பூவும் போடும், பெண் பூவும் போடும். நல்ல மழை, நல்ல உரம்னா பெண் பூ அதிகம். வறட்சி அடிச்சா ஆண் பூ பெருகும், அந்தக் கணக்கு ஒண்ணரை ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் கண்ணுக்குத் தெரியும். ஏன்னா ஒரு குலையைச் சுமந்து பழுக்க வைக்கிறதுக்குக் கையில முதல் வேணும். ஆம்பளையா இருக்க என்ன செலவு? தூளை ஊதிவிட்டா கடமை முடிஞ்சது. கோவிச்சுக்காதே, மரத்தைத்தான் சொன்னேன்.

சரி, வெளியில அமையலைன்னா மாமன் மகளைக் கட்டிக்கட்டும்னு உங்க அம்மா இழுத்தா பாரு, அதுக்கு உன் சின்னத்தாத்தாவோட ரெண்டு ஏக்கர் கதை போதும். ஓடு தடிச்ச செம்பனைக்குப் பேரு டூரா. ஓடே இல்லாதது பிசிபேரா, அதுல பெண் பூ அழுகிப் போகும், குலை தேறாது. ரெண்டையும் கட்டிவச்சா பொறக்குறது அத்தனையும் தெனெரா, மெல்லிசு ஓடு, நிறைய எண்ணெய். தோட்டத்துல நடுறது அதைத்தான். நம்ம ஆளு சிக்கனக்காரரு. காசு கொடுத்துக் கன்னு வாங்குவானேன்னு தோட்டத்துல உதிர்ந்த தெனெரா பழத்தைப் பொறுக்கி முளைக்கப் போட்டாரு. மூணு வருஷம் உரம், களைவெட்டு. காய்ச்சப்போ பார்த்தா நாலுல ரெண்டு மரந்தான் தெனெரா. ஒண்ணு பழையபடி தடிச்ச ஓடு, இன்னொண்ணு பூக்குது, காய்க்கலை. தெனெராவுக்குத் தெனெரா சம்பந்தம் பண்ணினா உள்ளே ஒளிஞ்சிருக்கிற பாட்டனும் பாட்டியும் எழுந்து வருவாங்கடா. 1941லயே காங்கோவுல ரெண்டு பேரு இந்தக் கணக்கை எழுதி வச்சுட்டாங்க. சின்னத்தாத்தாவுக்கு அது போய்ச் சேரலை.

மனுசனுக்கும் இதே நாலு கணக்கு உண்டு. தலசீமியாவுக்குப் படிவம் நாலுல பள்ளிக்கூடத்துலயே ரத்தம் எடுத்துப் பார்க்குறாங்களே, எதுக்கு? சுமக்கிறவன் பார்க்க ஆரோக்கியமாத்தான் இருப்பான். சுமக்கிறவனும் சுமக்கிறவளும் சேர்ந்தா ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒரு பங்கு ஆபத்து. மாமன் மகளும் நீயும் ஒரே பாட்டன் பாட்டியோட பேரப்பிள்ளைங்க. ஒரே மூட்டையை ரெண்டு பேரும் சுமக்க வாய்ப்பு கூடுதல். எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லலை, நம்ம ஊர்ல நல்லா இருக்கிற குடும்பமும் உண்டு. ஆனா தெரிஞ்சே ஏன் சீட்டுக் குலுக்கணும்?

கலப்பில்லாத வம்சம்னு உங்க அம்மா சொன்னாளே, அப்போ எனக்குப் புரை ஏறிடுச்சு. எங்கப்பன் ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துல இருந்து பினாங்குக்கு வந்தவரு. ஜெரெஜாக் தீவுல அடைச்சு வச்சு, நோய் இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் கெடாவுக்கு விட்டாங்க. லயத்துல ஆம்பளைங்க கூட்டம், பொம்பளைங்க கொஞ்சம். அந்த நிலைமையில பத்துப் பொருத்தம் பார்த்தா கட்டினாரு? எங்கம்மாவுக்கு எந்த ஊரு, என்ன ஆளுன்னு கிராணி கேட்டாராம். கங்காணி என்ன சொன்னாரோ அதைத்தான் எழுதினாராம். உங்க அம்மா இன்னிக்குப் பெருமையாச் சொல்ற ஜாதி, அந்தக் கங்காணி வாய்க்கு வந்தது.

ஞாயித்துக்கிழமை பாடாங் செராய்க்கு ஒரு பொண்ணு பார்க்கப் போவோம். அந்தப் பொண்ணு கறுப்புதான், உன்னைவிட ரெண்டு விரக்கடை உயரம், அவளுக்கு என்ன ஆளுன்னு நான் கேட்கவும் இல்லை. ஜாதகத்தை உங்க அம்மாகிட்டேயே விட்டுட்டு ரத்தப் பரிசோதனைத் தாளை மட்டும் எடுத்துக்க. அவளும் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா. சம்பளம் கேட்டா சொல்லு. உயரம் கேட்டா, அந்தக் காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடு.