எடைக்கு எடை

கே: குத்துச்சண்டையில் 'பவுண்ட் ஃபார் பவுண்ட்' முதலிடம் யாருக்கு? உசிக்குக்கா, இனோவேக்கா?

ப: எல்லோரும் ஒரே எடை என்று வைத்துக்கொண்டால் யார் கெட்டிக்காரர்? சுகர் ரே ராபின்சன் காலத்துத் திண்ணைச் சண்டை இது. குத்து வாங்காமல் நாமும் கலந்துகொள்ளலாம்!

2024 மே மாதம் டோக்கியோ டோமில், முதல் ரவுண்டிலேயே எதிராளி நெரியிடம் குத்து வாங்கி விழுந்தார் இனோவே. பதறவில்லை. முழங்காலில் நின்றபடி எட்டு வரை எண்ணவிட்டு எழுந்தார். ஆறாவது ரவுண்டில் நெரியைப் படுக்கவைத்தார். அழகுதான்.

ஆனாலும் என் ஓட்டு உசிக்குக்கு. அதே ஆண்டு டிசம்பரில், ரியாத்தில் இவர் 226 பவுண்ட், எதிரே டைசன் ஃப்யூரி 281. ஒரு 25 கிலோ அரிசி மூட்டை வித்தியாசம்! 12 ரவுண்டும் அந்த மூட்டையைச் சுற்றிச் சுற்றி வந்தே ஜெயித்தார். ஃப்யூரி கோபத்தை ஜட்ஜுகள்மேல் இறக்கினார், மூட்டையை இறக்கவில்லை.