மூட்டைக்கு ஏற்ற வண்டி

கேள்வி: சென்னை விமான நிலையத்தில் இறங்குபவர் ஊருக்குள் போக எந்தப் பொதுப் போக்குவரத்து சிறந்தது?

பதில்: போகுமிடம், கையிலுள்ள மூட்டை, கடிகாரம் ஆகிய மூன்றும் கூடித்தான் அதை முடிவு செய்கின்றன.

கிண்டி, தேனாம்பேட்டை, சென்ட்ரல் பக்கம் என்றால் மெட்ரோ. 2016 செப்டம்பர் முதல் விமான நிலையத்தை ஒட்டியே அதன் நிலையம் இருக்கிறது. நீல வழித்தடத்தில் நேராகப் போகலாம்; வடபழனி, கோயம்பேடு செல்பவர் ஆலந்தூரில் பச்சைத் தடத்துக்கு மாறலாம். லிஃப்ட் இருப்பதால் பெரிய பெட்டிக்கும் இதுவே தோது.

மாம்பலம், எழும்பூர், தாம்பரம் போக மின்சார ரயில். விமான நிலையத்தின் முன்னுள்ள ஜி.எஸ்.டி. சாலையைச் சுரங்கப்பாதையில் கடந்தால் திரிசூலம் நிலையம். கட்டணம் மிகக் குறைவு. ஆனால் காலையில் கடற்கரை நோக்கியும் மாலையில் தாம்பரம் நோக்கியும் கூட்டம் பிதுங்கும். அந்நேரம் மூட்டையோடு ஏறினால் ஆள் ஒரு நிலையத்திலும் மூட்டை அடுத்த நிலையத்திலும் இறங்க நேரும்.

தென் மாவட்டங்களுக்குப் போகிறவர் நகருக்குள்ளேயே நுழைய வேண்டாம். 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கு அதே ஜி.எஸ்.டி. சாலையில் மாநகரப் பேருந்து கிடைக்கும்.

நள்ளிரவு கடந்து இறங்குபவருக்கு மெட்ரோ கிடைக்காது. அதிகாலை 5 மணிவாக்கில்தான் முதல் வண்டி.